விரிசல் பார்க்கும் எஸ்தர்

சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, கழுத்தருகே இரண்டு குழாய்கள் சேரும் இடத்தில் வலது கட்டைவிரல் நகத்தை வைத்து மெல்ல இழுத்துக்கொண்டே வருகிறாள் எஸ்தர். மூச்சை அடக்கியிருக்கிறாள். நகம் எங்கேயாவது தடுக்கினால் கை நின்றுவிடும். தடுக்காவிட்டாலும் நிம்மதி கிடையாது. அதே இடத்தில் இன்னொரு முறை இழுப்பாள். வண்டிக்காரர் எதிரே நின்றால் கேள்வி வரும். "உங்க வெயிட்டு இன்னா சார்? முதுகுல பை மாட்டிக்கினு போவீங்களா?"

காஞ்சிபுரம் ஓரிக்கையில், பாலாற்றுப் பாலத்துக்குப் போகிற சாலையோரத்தில் இருக்கிறது அவள் கடை. முப்பது வருடத்துக்கு முந்தைய மவுண்டன் பைக்குகளைத் தேடிப் பிடித்து, துருவெடுத்து, பெயிண்ட் உரித்து, புதுப் பாகங்கள் போட்டு மறுபடி ஓட வைப்பதுதான் தொழில். சில வண்டிகள் சென்னை அடுக்குமாடிகளின் படிக்கட்டுக்கு அடியிலிருந்து வரும். சில, ஊர் திரும்பிய வெளிநாட்டு இன்ஜினீயர்கள் விட்டுப் போனவை. ஒன்றை வாலாஜாபாத் பழைய இரும்புக் கடைக் குவியலிலிருந்து அவளே இழுத்து வந்தாள். "அந்தக் காலத்து ஸ்டீலு நல்லாதான் போட்டிருக்கான். அதுக்காவ நம்பிட முடியுமா? முப்பது வருசமா எவன் எப்பிடி ஓட்டினானோ, எங்க உயுந்தானோ, யாருக்குத் தெரியும்?"

முன்பக்கம் மூன்று பல்சக்கரம் இருந்த இடத்தில் ஒன்றே ஒன்று வைப்பாள். பின்னால் அகலமான பத்துப் பல்லடுக்கு வைப்பாள். பழைய பிரேக்கைக் கழற்றிவிட்டு இறுக்கிப் பிடிக்கிற புது பிரேக் மாட்டுவாள். அகலமான கைப்பிடியும் வேண்டும் என்பார்கள். அதற்கு மட்டும் ஒரு சிக்கல் உண்டு. பழைய சைக்கிளின் கழுத்து மெல்லியது. இன்றைய கைப்பிடி அதில் உட்காராது. நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு அலுமினியக் குழாய் ஒன்றைச் செருக வேண்டும். அடாப்டர் என்பார்கள். ஓட்டுகிறவரின் இரண்டு கைகளும் அந்த ஒற்றைக் குழாயில்தான் நிற்கின்றன.

பதினொரு வருடம் எஸ்தர் ஒரு கார் பாகத் தொழிற்சாலையில் விரிசல் பார்த்தாள். இருட்டறை, ஊதா விளக்கு. விரிசல் இருந்தால் இரும்பில் பச்சைக் கோடு ஒளிரும். நாள் முழுக்க அந்தக் கோட்டைத் தேடுவது அவள் வேலை. கேமரா வைத்த இயந்திரம் வந்ததும் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கண் மட்டும் அங்கிருந்து வெளியே வரவில்லை. தேர்த் திருவிழாவில் எல்லோரும் சாமியைப் பார்த்துக் கும்பிடும்போது இவள் சக்கரத்தின் அச்சைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ராட்டினத்தின் பக்கமே போக மாட்டாள். குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும் வரை அடுக்களைக்கு வெளியேதான் நிற்பாள். அவள் கணவன் ஜெயக்குமார், ஐயம்பேட்டை தடத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுபவன், "ஊட்டுல இருக்கற குக்கருக்கு இப்பிடி பயப்படுறவ, மலையில எறங்கற வண்டிய ரெடி பண்றா" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பான். எஸ்தர் சிரிக்க மாட்டாள்.

கடையில் இரண்டு டப்பாக்கள் எப்போதும் இருக்கும். ஒன்றில் சிவப்பு மருந்து, மற்றதில் வெள்ளை. பெயிண்ட் உரித்த உலோகத்தில் சிவப்பை அடித்துப் பத்து நிமிடம் விட்டு, துணியால் சுத்தமாகத் துடைத்து, மேலே வெள்ளையை அடித்தால், கண்ணுக்குத் தெரியாத விரிசலுக்குள் ஒளிந்திருக்கும் சிவப்பு மெதுவாக வெளியே ஊறும். கோடு தெரிந்துவிட்டால் அந்தச் சைக்கிள் சட்டத்தை அப்போதே ரம்பத்தால் இரண்டாக அறுத்துவிடுவாள். "முழுசா போட்டா எவனாவது பத்த வெச்சி ஓட்டுவான்." கடையின் பின்புறம் அப்படி அறுபட்ட சட்டங்கள் ஒரு டிரம் நிறைய இருக்கின்றன.

அந்த டப்பாவில்தான் போன பங்குனியில் வினை வந்தது.

ஜோதிகா பிசியோதெரபிஸ்ட், இருபத்தாறு வயது. பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிற வீட்டுப் பெண். ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்து பேர் சேர்ந்து மாகறலைத் தாண்டி, கைவிடப்பட்ட கல்குவாரி மலையில் ஏறி இறங்குவார்கள். அவளுடைய நீல நிற வண்டியை எஸ்தர் இரண்டு மாதம் பார்த்துப் பார்த்துச் செய்தாள். வியாழக்கிழமை அதை எடுத்துப் போக மகளோடு தாய் சங்கரியும் வந்திருந்தாள். தறியிலிருந்து நேராக எழுந்து வந்தவள். புடவையில் சரிகைத் துணுக்குகள் ஒட்டியிருந்தன. வண்டியை அவள் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. எஸ்தரின் முகத்தைத்தான் பார்த்தாள்.

"ஒடைஞ்சி கிடைஞ்சிடாதே எஸ்தரு?"

இப்படிக் கேட்பவர்களுக்கு எஸ்தர் ஒருநாளும் நேராகப் பதில் சொன்னதில்லை. 'போயி சேந்ததும் ஒரு ரிங்கு குடுங்க' என்பதோடு நிறுத்திக்கொள்வாள். அன்றைக்கு அந்தத் தாயின் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒடையாதுமா" என்று சொல்லிவிட்டாள்.

ஞாயிறு காலை ஏழரை மணி. ஒன்பது மணிக்குச் சர்ச். அதற்குள் வேறொருவர் வண்டிக்கு அடாப்டர் மாட்டிவிடலாம் என்று கடையைத் திறந்தாள். ஜோதிகாவின் வண்டிக்கு வாங்கியபோது ஒரே பெட்டியில் ஜோடியாக வந்தது அது. புது மருந்து முந்தின நாள்தான் வந்திருந்தது. சிவப்பு அடித்தாள், காத்திருந்தாள், துடைத்தாள், வெள்ளை அடித்தாள்.

வெள்ளைக்கு நடுவில், குழாய் தடிக்கும் இடத்தில், சிவப்பாக ஒன்று ஊறி வந்தது. முதலில் புள்ளி. பிறகு கோடு.

எஸ்தர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். வியாழக்கிழமை சிவப்பு டப்பாவை அழுத்தியபோது வெறும் காற்றுதான் வந்தது. ஜோதிகா வாசலில் அவசரப்பட்டுக்கொண்டிருந்தாள். புதுச் சாமான்தானே என்று நகத்தால் மட்டும் இரண்டு முறை இழுத்துப் பார்த்து மாட்டிவிட்டாள். கடை தொடங்கி ஐந்து வருடத்தில் மருந்து போடாமல் அவள் வெளியே அனுப்பிய ஒரே பாகம் அதுதான்.

ஜோதிகாவின் எண்ணை அழைத்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண்குரல் சொன்னது. மறுபடி அழைத்தாள். அதே குரல். விரல் வியர்த்து போன் திரையில் வழுக்கியது. சங்கரியை அழைத்தாள்.

"இன்னா எஸ்தரு, காலங்காத்தாலயே?"

"ஜோதிகா கிளம்பிட்டாளாம்மா?"

"அஞ்சரைக்கே போயிட்டாளே, அந்தக் குவாரி மலைக்கு. ஏன்மா?"

உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். "ஒண்ணுமில்லமா. வண்டி எப்பிடி ஓடுதுன்னு கேக்கலாம்னு" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

வீடு கடைக்குப் பின்னால்தான். ஜெயக்குமார் ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தான். இரண்டு டப்பாக்களையும் திருகுச் சாவிகளையும் பையில் போட்டுக்கொண்டு எஸ்தர் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். "மாகறல் தாண்டி குவாரிக்கு எடுங்க."

"சோப்பு கூட போவல எஸ்தரு."

"எடுங்கன்றேன்ல."

பாலம் தாண்டியதும்தான் அவன் கேட்டான். "நீ பாத்து குடுத்த வண்டிதானே? அப்பறம் ஏன் பயந்துக்கினு கீற?"

"பாக்கலீங்க."

அவன் கை ஆக்சிலேட்டரில் தளர்ந்தது. திரும்பி ஒருமுறை மனைவியைப் பார்த்தான். பிறகு ஆக்சிலேட்டரை முறுக்கினான்.

எஸ்தருக்குச் சாலை தெரியவில்லை. கைப்பிடி கையோடு கழன்று வருவது தெரிந்தது. முன்சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்புவது, பாறைமேல் முகம் போய் விழுவது, எல்லாம் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. விரிசலோடு இருபது வருடம் தாங்குகிற குழாய் உண்டு. இன்று காலையே உடைகிற குழாயும் உண்டு. எது எதுவென்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்? எதிரே சைரன் எதுவும் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே வந்தாள். மாகறல் கோயில் கோபுரம் தெரிந்தபோது அந்தச் சாமியையும் வேண்டிக்கொண்டாள்.

குவாரி அடிவாரத்தில் சீமைக்கருவேலம் புதர்களுக்கு நடுவே ஆட்டோ நின்றது. மேலே லாரிகள் போன பழைய தடம் செம்மண்ணாக வளைந்து கிடந்தது. தூசி எழுந்தது. ஒரு சைக்கிள் வந்தது, அவள் இல்லை. இரண்டாவது. மூன்றாவது. நாலாவதாக வந்தவர் குழுவில் மூத்தவரான பஞ்சாட்சரம். எஸ்தரைக் கண்டதும் ஓரமாக நிறுத்தி, மூச்சிரைக்கச் சிரித்தார்.

"இன்னாமா, நீயும் மலையேற வந்துட்டியா?"

"ஜோதிகா எங்க சார்?"

"மேலருந்து இப்பதான் எறங்கினுகிது. பின்னாடியே வரும்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே மேல் வளைவில் நீலம் பளிச்சென்று திரும்பியது. ஜோதிகா பெடலில் எழுந்து நின்றபடி, முழங்கை விரித்து, சரசரவென்று இறங்கி வந்தாள். ஜெயக்குமார் இரண்டு கையையும் தூக்கி, "ஏ பொண்ணு" என்று கத்த வாயைத் திறந்தான்.

எஸ்தர் பாய்ந்து அவன் வாயைப் பொத்தினாள்.

"கத்தாதீங்க! பயந்துக்கினு பிரேக்கு புடிச்சா மொத்த வெயிட்டும் கைப்பிடி மேல போவும். அப்பதான் ஒடையும். வரட்டும். அதும்பாட்டுக்கு வரட்டும்."

கணவனை இழுத்துக்கொண்டு ஆட்டோவுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். தன்னைப் பார்த்தால்கூட அந்தப் பெண் பிரேக்கைத் தொட்டுவிடுவாள். பஞ்சாட்சரம் ஒன்றும் புரியாமல் விழித்தார். அவரையும் அசைய வேண்டாம் என்று கையால் காட்டினாள். ஆட்டோவின் அடிவழியே தடத்தின் கடைசிப் பகுதி மட்டும் தெரிந்தது. மழைநீர் அறுத்த ஒரு பள்ளம் அங்கே குறுக்கே கிடந்தது. அதைத் தாண்டினால் சமதரை.

சக்கரங்கள் வந்தன. பள்ளத்தின் விளிம்பில் முன்சக்கரம் எழும்பியது. எஸ்தர் கண்ணை மூடவில்லை, மூட வரவில்லை. 'டொக்' என்று தரையில் இறங்கிய சத்தம் அவள் பல்லில் கேட்டது. இரண்டு சக்கரமும் நேராக ஓடின. வேகம் தானாகக் குறைந்தது. ஒரு கால் தரையில் ஊன்றியது.

"பஞ்சு சார், பாத்தீங்களா!" என்று ஜோதிகாவின் குரல் சிரித்தது.

எஸ்தரால் உடனே எழுந்திருக்க முடியவில்லை. ஜெயக்குமார்தான் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான்.

"அக்கா? நீங்க எங்க இங்க?"

"எறங்குமா. மொதல்ல எறங்கு."

வண்டியை வாங்கி, கைப்பிடியைக் கழற்றி, அடாப்டரை உருவினாள். செம்மண் மேட்டில் பையை விரித்து, துடைத்து, சிவப்பை அடித்தாள். பத்து நிமிடம். ஜோதிகா ஏதோ விளையாட்டு என்பது போல முதலில் பார்த்துக்கொண்டிருந்தாள். எஸ்தர் போனில் நேரத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதைக் கண்டதும் அவள் முகம் மாறியது. வெள்ளை அடித்ததும் கோடு சீக்கிரமே வந்துவிட்டது. காலையில் பார்த்ததைவிட நீளம். பட்டிழை அளவுக்கு மெல்லியதாக, குழாயைப் பாதிச் சுற்று சுற்றியிருந்தது.

"இதுலதான் நான் எறங்கினேனா?"

"ஆமாம்மா."

"நீங்க டெஸ்ட் பண்ணீங்களே."

"பண்ணல. மருந்து காலி. நகத்தால பாத்து மாட்டிட்டேன். உன்னாண்ட சொல்லவும் இல்ல."

ஜோதிகா ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். வெகுநேரம் அந்தக் கோட்டையே பார்த்தாள். "காலைல நாலு வாட்டி எறங்கினேங்க்கா. நாலு வாட்டி. நீங்க செஞ்ச வண்டின்னுதானே கண்ண மூடிக்கினு எறங்கினேன்." குரல் உயரவில்லை; அதுதான் எஸ்தருக்குத் தாங்கவில்லை. கொஞ்சம் பொறுத்து, "அம்மாகிட்ட சொல்லாதீங்க. அப்பறம் என்னை வெளியவே விட மாட்டாங்க" என்றாள்.

"சொல்லணும்மா. ஒடையாதுன்னு அவங்க மூஞ்சப் பாத்து சொன்னவ நானு. இப்ப நேரா உங்க ஊட்டுக்குத்தான் போறோம்."

ஜோதிகா தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சைக்கிளை ஆட்டோவின் கூரைமேல் போட்டு ஜெயக்குமார் கட்டினான். பஞ்சாட்சரமும் மற்றவர்களும் குவாரிச் சாலை முடியும் வரை வண்டியைத் தள்ளிக்கொண்டே போனார்கள். அதுவரை யாருக்கும் ஏறி மிதிக்கத் துணிவில்லை. பின் சீட்டில் இரண்டு பெண்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு. சர்ச்சில் அந்நேரம் இரண்டாவது பாட்டு பாடிக்கொண்டிருப்பார்கள்.

கல் லாரிகள் குதறிப்போட்ட சாலை. முதல் பள்ளத்தில் ஆட்டோ இறங்கியபோது எஸ்தரின் இடது கை தானாக நீண்டு ஜோதிகாவின் மார்புக்கு முன்னால் குறுக்கே நின்றது. ஜோதிகா அதைப் பார்த்தாள். அடுத்த பள்ளத்திலும் கை நீண்டது. மூன்றாவது பள்ளம் தாண்டியதும் ஜோதிகா அந்தக் கையைப் பிடித்து எஸ்தரின் மடியில் கொண்டுபோய் வைத்தாள்.

நாலாவது பள்ளத்தில் அது மறுபடி நீண்டது.