நியூட் தொட்டியின் மூடி

“புதன். மழை. இரண்டும் மேலே வந்து கண்ணாடியில் மூக்கை வைத்தன. என்னை அடையாளம் தெரிகிறது.” ஆறாம் வகுப்புக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன். கிழமை இருக்கிறது, தேதி இல்லை. தேதி போடாமல் ஒரு வரியும் எழுதாத இன்றைய எனக்கு அந்தச் சிறுமியின் மேல் கொஞ்சம் கோபம்தான். எதிர்ப் பக்கத்தில் அரையாண்டுத் தேர்வின் அட்டவணை இருப்பதால் டிசம்பர் என்று வைத்துக்கொள்கிறேன்.

“இரண்டும்” என்றால் இரண்டு நியூட்கள். பல்லியின் உருவம், தவளையின் ஈரத்தோல், கறுத்த முதுகு, ஆரஞ்சு வயிறு. சேலத்தில் வண்ணமீன் கடை வைத்திருந்த மாமா, அதாவது அம்மாவின் தம்பி, கொண்டுவந்தார். கீழே வெக்கையில் அவை துவண்டுபோயினவாம். ஏற்காட்டுக் குளிரில் பிழைத்துக்கொள்ளும் என்பது அவர் யோசனை. அங்கே ஒண்டிக்கடை என்ற இடத்தில் எங்கள் மளிகைக் கடைக்குப் பின்னால்தான் வீடு. வீட்டில் காலியாகக் கிடந்த மீன்தொட்டியில் பாதி தண்ணீர் விட்டு, ஏறி உட்கார ஒரு கல் வைத்து, கண்ணாடி மூடியைப் போட்டார்.

“ஏன்டா, பல்லியப் போயி காசு குடுத்து வாங்குவாங்களா? எங்க ஊட்டுச் செவுத்துல நொம்பக் கெடக்குது, புடிச்சுட்டுப் போயி வித்துக்க” என்றார் அம்மா.

மாமா என் பக்கம் திரும்பினார். “கண்ணு, தண்ணி குளுந்தே இருக்கோணும். மூடியத் தொறக்கவே கூடாது, ஏறி ஓடிப்போயிரும். ரெண்டும் நல்லா இருந்தா உனக்கே. ஒண்ணு போச்சுன்னாலும் மீதிய எடுத்துக்கிட்டுப் போயிருவேன்.”

மண்புழுவை நறுக்கிப் போட்டு வளர்த்தேன். பனி இறங்கத் தொடங்கியதும், அதுவரை அடியில் கிடந்தவை கல்லின் மேலேயே நிற்கத் தொடங்கின. என்மேல் பிரியம் வந்துவிட்டது என்று நினைத்தேன். பள்ளிக்குப் போகும் முன் மூடியை இரண்டு விரற்கடை நகர்த்தி, அவற்றின் தலையைத் தடவிவிட்டுப் போவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை வந்து பார்த்தால் மூடி விலகியிருந்தது. உள்ளே ஒன்றுதான் இருந்தது. மிளகு மூட்டைகளைப் புரட்டினோம், பின்பக்கச் சாக்கடை வரை தேடினோம். கிடைக்கவில்லை.

ஞாயிறன்று மாமா வந்தார். அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவேன்; நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

“தப்பு எம்மேலதானுங்க மாப்ள. பனி வந்ததுல இருந்து பகல்ல தொட்டிக்குள்ள பல்பத் தொங்கவிட்டேன். வெள்ளிக்கெழம அதக் கழட்டிட்டு, ஜும்மா தொழுகைக்கு நேரமாச்சுன்னு ஓடுனேன். மூடி நெனப்பே இல்லீங்க.”

“பல்பா? அதுக்குக் குளுருதான் வேணும்னு அத்தன தடவ சொன்னேனே மச்சான்?”

“சொன்னீங்க. கைய வெச்சுப் பாத்தேன், ஐஸாட்டம் இருந்துச்சு. மனசு கேக்கலீங்க.”

மலையில் மீன் வளர்க்கிற எங்களைப் போன்றவர்கள் பனிக்காலத்தில் பல்பு தொங்கவிடுவது வழக்கம். அதே தொட்டியில் முன்பிருந்த மீன்கள் ஒரு பனிக்காலத்தில் விறைத்துச் செத்திருந்தன.

மாமா சிரித்துவிட்டார். “செரி, மீதியா இருக்கறது கண்ணுகிட்டயே இருக்கட்டும். பல்பக் குடுங்க, அத நான் எடுத்துக்கிட்டுப் போறேன்.”

அத்தா எனக்காகப் பொய் சொன்னார் என்றே நம்பினேன். நான் வீட்டில் இருந்த நேரத்தில் அந்தப் பல்பு எரிந்து பார்த்ததில்லை. கடையில் பல்பு விற்கிறவர் ஒரு பல்பை எடுத்து நீட்டுவது பெரிய காரியமா? அந்த நன்றிக்காக ஒரு வருடம் சொன்ன பேச்சைக் கேட்டேன். தண்ணீர் சூடானால் நியூட்கள் குளிர்ந்த இடம் தேடி வெளியேறப் பார்க்கும் என்று பல வருடம் கழித்துத்தான் படித்தேன். அவை கல்லின் மேல் ஏறி நின்றது என்மேல் பிரியத்தால் அல்ல, அத்தாவின் பல்பு நிஜமாகவே எரிந்ததால். பிள்ளைக்காகப் பழியை ஏற்கும் அத்தாவைத்தான் அன்று எனக்குப் புரிந்தது. தன் தவறைத் தம்பி வயதுக்காரர் முன் தலைகுனிந்து சொன்ன மனிதரைப் புரியவில்லை.

போன மாதம் கேட்டேன். மூடியைத் திறந்து வைத்தது தான்தான் என்று இன்றும் சொல்கிறார். காலையில் நான் அதைச் சரியாக மூடினேனா என்று எனக்கும் நினைவில்லை. அந்த வெள்ளிக்கிழமை மூடியைத் திறந்து விட்டது யார் என்பது உறுதி செய்யப்படவில்லை.