பட்டியலில் மிஞ்சிய வலைத்தளம்

எது நின்றால் நாடு நின்றுபோகும்? லோதி ரோடு அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், மே மாத அனல்காற்று ஜன்னலை உலுக்க, இணையக் கொள்கைக் குழு இந்த ஒரே கேள்வியோடு உட்கார்ந்திருந்தது. இணையத் தாக்குதல் வந்தால் முதலில் காப்பாற்ற வேண்டியவற்றுக்குப் பட்டியல் போட வேண்டும். 'கிரிட்டிக்கல் இன்ஃப்ராஸ்ட்ரக்சர்' என்று பெயர். குறிப்பெடுப்பது என் வேலை. கை அங்கே, மனசு அடுத்த வார வெள்ளிக்கிழமைச் சென்னை வண்டியில். தங்கை கல்யாணம், மூன்று பெர்த், மூன்றும் உறுதியான டிக்கெட்.

முதல் கூட்டத்தில் எல்லோருக்கும் இடம் வேண்டும். மின்சாரக்காரர், தொலைபேசிக்காரர், வங்கிக்காரர், சரி. தோட்டக்கலைக்காரரும் கையைத் தூக்கினார்.

"மரம் விழுந்தா கேபிள் அறுந்துடுது. அப்போ மரமும் சேர்த்திதானே?"

தலைவர் சமோசாவைக் கடித்தபடி, "அச்சா, எழுதிக்கோங்க மேடம்" என்றார். லோதி ரோட்டு வேப்பமரங்கள் அத்தனையும் தேசப் பாதுகாப்புக்குள் வந்து நின்றன. எங்கள் பிரிவின் வலைத்தளத்தையும் என் அதிகாரி நுழைத்துவிட்டார். நான் கட்டியது அது. பக்கம் பக்கமாக, மத்தியானச் சாப்பாட்டை ஒத்திப்போட்டு.

அடுத்த வாரம் சுற்றறிக்கை வந்தது. பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர். ஞாயிறு கிடையாது, பண்டிகை கிடையாது, லீவு கிடையவே கிடையாது.

அன்றைய கூட்டத்தில் அப்படியொரு தன்னடக்கம்! பட்டியலிலிருந்து முதலில் மரம் விழுந்தது. "கரண்ட் போனா என்ன சார், ஜெனரேட்டர் இருக்கே" என்று மின்சாரம் நழுவியது. வங்கி, "பேனாவும் பேரேடும் எங்க போச்சு?" என்றது. பேனாவால் அடித்தேன், அடித்தேன், நாலு பக்கம் ஒரு வரியாயிற்று. எங்கள் வலைத்தளம். அதை விலக்கிக்கொள்ள வேண்டிய என் அதிகாரி காய்ச்சலில் படுத்திருந்தார். எல்லாக் கண்ணும் என் மேல். பொறுப்பாளர் நான்தான்.

வீட்டில் சொன்னேன். பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்த கணவர் நிமிரவே இல்லை.

"கல்யாண வீட்டுல கேட்டா என்ன சொல்றது? அவ நாட்டைக் காப்பாத்திண்டிருக்கான்னா?"

மறுநாள் தலைவர் கையெழுத்துக்குப் பேனா திறந்தார். நான் எழுந்து நின்றேன்.

"சார், அந்த வலைத்தளம் ஒன்பது நாளா நின்னு கிடக்கு. அதை ஓட்டற மெஷின் ரிப்பேருக்குப் போயிருக்கு."

"புகார்?"

"ஒரு போன்கூட வரலை."

மேஜை முழுக்கச் சிரிப்பு. தோட்டக்கலைக்காரருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. தலைவர் அந்த ஒரு வரியையும் அடித்தார். ஒன்றும் மிஞ்சாத காகிதத்தை மடித்து ஃபைலில் வைத்துவிட்டு, "அடுத்த மாசம் மறுபடி கூடுவோம்" என்றார்.

வண்டி ஆக்ராவைத் தாண்டும்போது மகளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். டில்லியில் பிறந்தவள், தமிழை இந்தியில் தொட்டுச் சாப்பிடுகிறவள்.

"சச்சி, அம்மா? நிஜமாவா? ஒன்பது நாள் வெப்சைட் பந்த், ஒருத்தருக்குமே தெரியலையா?"

"ஜன்னலுக்கு வெளியே பாரு" என்றேன்.

நான் கட்டியதைத் தேடி ஒரே ஒருத்தர் போன் பண்ணியிருக்கலாம். டிக்கெட் போயிருக்கும்தான். ஆனாலும்.