மாமாவுக்காக விட்ட வாழைப்பழம்

மாமாவின் சிறுநீரகம் ஒன்றைப் புற்றுநோய்க் கட்டியோடு சேர்த்து எடுத்துவிட்டார்கள். ஆனால் நுரையீரலிலும் புள்ளி புள்ளியாகப் பரவியிருந்தது. மூன்று மாதம் பொறுத்துப் பார்க்கலாம் என்று திருநெல்வேலி டாக்டர் சொல்லிவிட, முக்கூடலில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் குரல் இறங்கிப்போயிற்று. எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மாவின் தம்பியான மாமா, கங்கைகொண்டான் கம்பெனிக்கு வேன் ஓட்டியவர். முன்சீட்டை எனக்கென்றே வைத்திருந்தவர்.

அவர் மனைவியான அத்தை முந்தைய வருடம் காசிக்குப் போய், தனக்குப் பிடித்த கொய்யாவைக் கங்கையில் விட்டுவிட்டு வந்திருந்தாள். கங்கை கேட்கும் என்றால் தாமிரபரணி கேட்காதா? படித்துறையில் மூன்று முங்கு முங்கி, மாமா பிழைத்தால் போதும், இனி வாழைப்பழமே தின்னமாட்டேன் என்று ஆற்றிடம் சொன்னேன். பாகற்காயை விட்டுவிடலாமா என்று முதலில் தோன்றியதுதான். ஆற்றை ஏமாற்ற மனம் வரவில்லை.

மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் புள்ளிகளைக் காணோம். மருந்துகூட எதுவும் கொடுத்திருக்கவில்லை. அத்தை தான் இருந்த விரதம்தான் என்றாள். அம்மா தான் சுற்றிய நவக்கிரகம் என்றாள். மாமா இருவருக்கும் தலையாட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. வேலையை முடித்தவள் நான் அல்லவா.

மாமா ஒரு சீப்பு கதலியோடு வந்து நீட்டியபோது கையை இழுத்துக்கொண்டேன். தின்றால் புள்ளி திரும்பி வந்துவிடும் என்று அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் பழத்தை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார்.

அடுத்த ஸ்கேனுக்கு, பள்ளிக்கூடத்துக்கு லீவு போடவைத்து என்னையும் கூட்டிப்போனார். ஸ்கேன் முடிந்து படம் வருவதற்குள் என்னை டாக்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

"இவ வாழப்பழம் தின்னா அது திரும்ப வந்துருமாம். நீங்களே இவகிட்ட சொல்லுங்க, டாக்டர்."

கட்டியை எடுத்தபின் மற்ற இடத்தில் இருப்பது தானாகவே கரைந்துபோவது எப்போதாவது அபூர்வமாக நடக்கும், ஏன் என்று தனக்கே சரியாகத் தெரியாது என்றார் டாக்டர். என் பழத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்றும் சொன்னார்.

"ஏட்டி, கேட்டுக்கிட்டியா? இத யாரும் செய்யல. நீயும் செய்யல" என்றார் மாமா.

எனக்கு வந்ததே கோபம். விரதத்துக்கும் நவக்கிரகத்துக்கும் தலையாட்டியவர் என்னை மட்டும் இல்லை என்கிறாரே! வராந்தா பெஞ்சில் அவரை விட்டுத் தள்ளி, முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தேன்.

படம் அன்றும் சுத்தமாகவே வந்தது. மாமா இன்றும் வேன் ஓட்டுகிறார். ஆனால் அந்தப் பெஞ்சில் இருந்தபோது படம் எப்படி வரும் என்று அவருக்குத் தெரியாது. எப்படி வந்தாலும் பழி என் தலையில் விழக்கூடாது என்றுதான் அதற்கு முன்பே டாக்டர் வாயால் சொல்லவைத்தார் என்பது அப்போது எனக்கும் தெரியாது.