மூன்றாவது கைப்பிடி

சென்னியப்பனைப் போல நிதானமான ஆளை வேலம்பாளையத்தில் நான் பார்த்ததில்லை. சேவூரில் ஏர் ஓட்டியவர். கிணறு வற்றியதும் நாற்பதை நெருங்கும் வயதில் பனியன் கம்பெனிக்கு வந்தார். டெய்லருக்குத் துணியை மடித்துக் கொடுக்கும் கைமடி வேலை. தன்னில் பாதி வயதுப் பையன்கள் 'டா' போட்டுத் திட்டுவார்கள். பொறுத்துக்கொண்டு தையல் பழகி, ஒரு வழியாக ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் மனைவி காளியாத்தாள் தெருவுக்கே கேசரி கொடுத்தாள். 'டா' போய் 'ங்க' வந்ததில் அந்த மனிதருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

தொண்ணூற்று நாலில் சனாவுல்லா பாயின் வீடியோ கேம் கடையில் நாலு பேர் சேர்ந்து ஆடும் மெஷின் வந்து இறங்கியது. ஒரே திரையில் நாலு கார்கள், ஓட்ட ஆளுக்கொரு கைப்பிடி, சந்து மாதிரிப் பாதை. சுவரில் பட்டால் கார் வெடித்துவிடும். டீ ஆறுவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். எங்கள் கான்ட்ராக்டர் சிவசுப்பிரமணியத்தின் டெய்லர்கள் நாலு பேரும் ஞாயிறு மதியம் அங்கேதான் கிடப்பார்கள். முதலில் வெடிக்கிறவருக்கு வாரம் முழுக்க, நூல் அறுந்துகொண்டே இருக்கும் பழைய ஓவர்லாக். விதி போட்டவர் கான்ட்ராக்டர். தமாஷாம்!

அந்த கேம் மெஷினில் மூன்றாவது கைப்பிடி வலப்பக்கமே இழுக்கும். அதைச் சென்னியப்பன் தலையில் கட்டினார்கள். வாராவாரம் அவருடைய நீலக் கார்தான் முதலில் வெடிக்கும். "சேவூர் மாடு சாஞ்சிருச்சுங்க!" என்று மதுரைக்கார டெய்லர் வீரணன் கைதட்டுவான். இவரும் சேர்ந்து சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தீபாவளி முடிந்ததும் ஆர்டர் குறைந்தது. மூன்று டெய்லர் போதும் என்றாகிவிட்டது.

"ஞாயித்துக்கெழம மொதல்ல வெடிக்கிறவன் கைமடிக்குப் போயரோணும். அப்பறம் என்னையக் கொறை சொல்லக்கூடாது" என்றார் கான்ட்ராக்டர். ஒரு மனிதனின் பிழைப்பைப் பொம்மைக் காரில் ஏற்றிவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டார், கடங்காரப் பாவி.

அந்த வாரம் சாப்பாட்டு நேரத்தில் சென்னியப்பன் காணாமல் போவார். பாய் தொழுகைக்குப் போகும் நேரம் அது. கேம் கடைக் கல்லாவில் பாயின் மனைவி அமீருன்னிசா மட்டும் இருப்பார். சனிக்கிழமை சென்னியப்பன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஆருகிட்டயும் சொல்லிப்போடாத கண்ணு. அந்தக் கைப்பிடி எனக்குப் புடிபட்டுருச்சு. வலத்த இழுக்கற மாட்ட எடத்த இழுத்துப் புடிக்கற மாதிரித்தான். இப்ப செவுத்துல படறதே இல்ல."

அவர் முகம் அவ்வளவு மலர்ந்து நான் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை கான்ட்ராக்டருக்குத் திடீரென்று தர்ம சிந்தனை வந்துவிட்டது. "எந்தக் கைப்பிடி வேணுமோ எடுத்துக்குங்க சென்னியப்பா" என்றார்.

"எனக்கு மூணாவதே இருக்கட்டுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் உள்ளுக்குள் வேறு மாதிரிச் சிரித்தேன். ஆட்டம் தொடங்கியது. சென்னியப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு கைப்பிடியை இடப்பக்கம் அழுத்தினார். நீலக் கார் நேராக இடப்பக்கச் சுவரில் போய் மோதி வெடித்தது. மற்ற மூன்றும் அப்போது முதல் வளைவைக்கூடத் தாண்டியிருக்கவில்லை.

அவர் கைப்பிடியை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார். சனாவுல்லா பாய் கண் கலங்க அருகில் வந்தார்.

"காலைலதாங்கண்ணா இந்தக் கைப்பிடிக்குப் புது ஸ்பிரிங் போட்டேன். இதுக்குன்னே கோயமுத்தூர் போயி வாங்கிட்டு வந்தனுங்க. இன்னைக்காவது நீங்க ஜெயிக்கோணும்னு துவா செஞ்சனுங்க."

சென்னியப்பன் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தார். "நல்லா நேரா நிக்குதுங்க பாய்" என்றார். "உங்களுக்குப் பெரிய மனசுங்க."

திங்கட்கிழமை வீரணனின் மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"சீக்கிரம் குடுடா" என்றான் வீரணன்.

"இதோங்க" என்றார் சென்னியப்பன்.