அலமாரிக்குப் பின்னால் பிடித்த ஒயர்

எங்கள் கல்யாணத்தன்று என் மாமியார் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிறகு இனிப்பு நீர் வியாதி கண்ணையும் மங்க வைத்துவிட்டது. ஆகவே சில மாதம் கழித்து சுங்கை ஆயர் தாவாரிலிருந்து மாமனாரோடு பஸ் ஏறி, கோல சிலாங்கூரில் எங்கள் வீட்டுக்கு அவர் வந்தது கல்யாண வீடியோவைப் பார்க்க அல்ல, கேட்க.

அதில் ஒரு இடம் இருந்தது. தாலி ஏறி மேளம் ஓய்ந்ததும் என் மனைவி கேமரா பக்கம் திரும்பி அம்மாவுக்கென்று மெல்ல ஏதோ சொன்னாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். பயத்தில் காது அடைத்திருந்தது. பிறகு கேட்டால், "அம்மா மொதல்ல கேக்கட்டும்" என்று சொல்லி, கேசட்டைப் போடவும் விடவில்லை.

"வீட்டுலயே தியேட்டர் காட்டுறேன்" என்று வாய் விட்டிருந்தவன் நான்தான். டிவியும் வீடியோவும் வாசல் பக்கம். ஆம்ப்ளிஃபயரோ ஊர் பார்க்கவென்று எதிர்ச் சுவர்க் கண்ணாடி அலமாரியில். நடுவே இழுக்க ஒயர் போதாமல், இரண்டை நானே முறுக்கி ஒட்டி, ஃபேன் ஒயரோடு சேர்த்துப் பாய்க்கு அடியில் விட்டேன்; ஒட்டுப் போட்ட இடம் அலமாரிக்குப் பின்னால் வந்தது. டிவியின் சொந்தச் சத்தத்தைக் கௌரவம் கருதி முழுக்கக் குறைத்துவிட்டேன்.

கேசட் ஓடியது. ம்ம்ம்ம் என்று ஓர் இரைச்சல். அதற்குப் பின்னால் எங்கோ நாதஸ்வரம்.

எஸ்டேட்டில் ஆட்களை வேலை வாங்கிய பழைய மண்டோரான மாமனார் தலையைச் சாய்த்துக் கேட்டார். "மாப்ள, கல்யாணம் கோயில்ல தானே நடந்துச்சு? எண்ணெய் மில்லுலயா?"

ஃபேனை நிறுத்தினேன். ஃப்ரிட்ஜைப் பிடுங்கினேன். இரைச்சல் குறையவில்லை, எல்லாருக்கும் வேர்த்ததுதான் மிச்சம்.

எஸ்டேட் திருவிழாவில் மைக் ஒயர் திடல் முழுக்க ஓடும், ஜெனரேட்டர் ஒயரையும் தாண்டும். அது இரைந்து நான் கேட்டதில்லை. ஏனென்று பின்னால்தான் தெரிந்தது. அந்த மைக் ஒயருக்குள் சத்தத்தைச் சுமக்க இரண்டு கம்பி; ஒன்றில் போவது மற்றதில் தலைகீழாகப் போகும். வழியில் ஒட்டும் இரைச்சல் மட்டும் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறும். மறுமுனையில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் இரைச்சல் ஒழிந்து பேச்சு நிற்கும். சமநிலை இணைப்பு என்பது அவ்வளவுதான். வீட்டு ஒயரில் அந்தச் சாமர்த்தியம் கிடையாது. சத்தத்துக்கு ஒரே கம்பி. சுற்றியிருக்கும் வலையே அதற்குக் காவல், அதுவே திரும்பும் வழி. நீளம் கூடினால் கண்டதையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வரும். ஒட்டுப் போட்ட இடத்தில் அந்த வலை தளர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அலமாரிக்குப் பின்னால் குந்தி, ஒயர் ஒட்டுப் போட்ட இடத்தை இரண்டு விரலால் நசுக்கினால் இரைச்சல் அடங்கியது. விட்டால் மில்லு ஓடியது. வீடியோவை நிறுத்திவிட்டு ஒழுங்காக முறுக்கியிருக்கலாம். அந்த யோசனை மறுநாள் பல் விளக்கும்போது வந்தது.

கெட்டிமேளம் முழங்கியது. என் விரல் மரத்தது. மேளம் ஓய்ந்தது.

"மாப்ள எங்க?" என்றார் மாமியார். "பக்கத்துல வந்து ஒக்காருங்க மாப்ள."

மாமியார் கூப்பிட்டதும் எழுவது பழக்கம். எழுந்தேன்.

ம்ம்ம்ம்.

மனைவி சொன்னதை அது முழுங்கிவிட்டது. மாமியார் கையை மடியில் வைத்தபடி, "பேசுனாளா?" என்று மட்டும் கேட்டார். மனைவி என்னைப் பார்த்தாள். எண்ணெய் மில்லையே விழுங்கக்கூடிய பார்வை.

நான் மறுபடி அலமாரிக்குப் பின்னால் பாய்ந்து அந்த இடத்தை நசுக்கினேன். "திருப்பிப் போடு, திருப்பிப் போடு. இந்தத் தடவ செத்தாலும் விட மாட்டேன்."

அவள் கேசட்டைப் பின்னுக்கு ஓட்டினாள். ஆம்ப்ளிஃபயரை அணைத்தாள். பிறகு டிவியிடம் போய், நான் குறைத்து வைத்த சத்தத்தைக் கூட்டினாள்.

சின்ன ஸ்பீக்கரில் தெளிவாக வந்தது: "அம்மா, நீ இல்லாம கட்டிக்கிட்டேன். கோவிச்சுக்காத. சாயங்காலம் இதே பொடவையோட வந்து காட்டுறேன்."

"காட்டுனா, காட்டுனா" என்று மாமியார் தலையாட்டினார். "அன்னிக்குக் கண்ணு தெரிஞ்சுச்சு. பச்சப் பொடவ." முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு, என் பக்கம் என்று அவர் நினைத்த பக்கம் திரும்பினார். "அதுல நீங்க ஒண்ணும் சொல்லலியா மாப்ள?"

"இல்லங்க அத்தை" என்றேன், அலமாரிக்குப் பின்னாலிருந்து.

"வெளிய வாங்க லா" என்றார் மாமனார். "ஆம்ப்ளிஃபயர் பொட்டி அணைஞ்சு எவ்வளோ நேரமாச்சு."

ஒயரை நான் இன்னும் நசுக்கிக்கொண்டுதான் இருந்தேன்.