சாதாரண காந்தாரத்துக்கு அரை அங்குலம்

கீழ்வீட்டு ஷைலஜா மேடம் ஒருநாள் மாலை கிண்ணம் நிறையப் பயறுக் கோசம்பரியோடு மேலே ஏறிவந்து, என் மனைவி சுமதியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "ஹேளம்மா, பயபடபேடா" என்றார். சொல்லம்மா, பயப்படாதே என்று அர்த்தம். சுமதியின் கன்னடம் காய்கறி வண்டியோடு நின்றுவிடும். புரிந்த மாதிரி சிரித்துவைத்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து மேடம் இன்னும் உருகிப்போனார். பிறகு கூடத்தில் நின்றிருந்த என் பக்கம் திரும்பிப் பார்த்தார் பாருங்கள், அப்படி ஒரு பார்வையை நான் வேலைக்குச் சேர்ந்த இந்தப் பதினோரு வருடத்தில் எந்த மேலாளரிடமும் வாங்கியதில்லை. ஒரு வாரமாகத் தினமும் மாலை ஆறு மணிக்கு மேல்மாடியில் ஒரு பெண் விம்மி விம்மி அழுவது அவருக்குக் கேட்டிருக்கிறது.

அழுதது என் பெடல் ஸ்டீல் கிட்டார்.

கரூரிலிருந்து ராத்திரி ரயில் ஏறினால் விடிவதற்குள் வந்துவிடக்கூடிய பெங்களூருக்குக் குடிபோனதையெல்லாம் புலம்பெயர்வு என்று எழுதலாமா என்று கனடாவில் இருக்கும் என் சித்தப்பா மகன் கேட்பான். அவனுக்குப் பனி இருக்கிறது, எனக்கு வைட்ஃபீல்ட் போக்குவரத்து இருக்கிறது. வீட்டைவிட்டு வந்தவனின் கணக்கில் இரண்டும் ஒன்றுதான். அந்தக் கிட்டாரும் என்னைப்போல் வேறெங்கிருந்தோ வந்து சேர்ந்ததுதான். எங்கள் அலுவலகத்தில் இரண்டு வருடம் இருந்த அமெரிக்கர் டேல், நாடு திரும்பும்போது விமானத்தில் ஏற்ற முடியாத இந்தக் கனத்தை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். ஊரில் இருப்பவர்களுக்கு எப்படிச் சொல்வது? நாலு கால் மேசை ஒன்று. அதன்மேல் பத்துக் கம்பி. இடது கையில் வழவழப்பான ஓர் இரும்பு உருளையைக் கம்பிமேல் நகர்த்த வேண்டும், வலது கையால் மீட்ட வேண்டும். இதோடு விட்டதா? கீழே மூன்று பெடல். பலகைக்கு அடியில் முழங்காலால் தள்ளுவதற்கு நாலு லீவர். மிதித்தால் சில கம்பிகளின் சுருதி ஏறும், தள்ளினால் சிலது இறங்கும். பல்லுக்கு மட்டும்தான் வேலை வைக்கவில்லை.

கல்லூரி நாட்களில் கரூரில் ஒரு மெல்லிசைக் குழுவில் நான் ஹவாயன் கிட்டார் வாசித்தேன். மடியில் படுக்கவைத்து வாசிப்பது, காலுக்கு ஒரு வேலையும் கிடையாது. ஒரு கோயில் திருவிழாவில் மேடையைக் கடக்கும்போது என் கால் ஹார்மோனியத்தில் பட்டுவிட்டது. குழுத் தலைவர் பாட்டை நிறுத்திவிட்டு, ஊரே பார்க்க அந்தப் பெட்டியை மூன்று முறை தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சொன்னார். அப்படிப் பழகிய கால் இது. டேலின் கிட்டார்முன் முதல்முறை உட்கார்ந்து பெடலை மிதித்தேன். சட்டென்று குனிந்து அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். மறுபடி மிதித்தேன், மறுபடி ஒற்றிக்கொண்டேன். ஒரு பாட்டுக்கு நாற்பது மிதி என்றால் நாற்பது கும்பிடு. "என்னங்க, வாசிக்கறீங்களா, தோப்புக்கரணம் போடறீங்களா?" என்று சுமதி சமையலறையிலிருந்தே கேட்டாள்.

அழுவது கிட்டார் என்று தெரிந்ததும் ஷைலஜா மேடத்தின் இரக்கம் கோபமாக மாறியது. குடியிருப்புச் சங்கத்தில் புகார் போனது. சங்கம் கூடி ஒரு வழி சொன்னது: நவம்பர் ஒன்று, கர்நாடகம் உருவான நாளின் ராஜ்யோத்சவ விழாவில் மேடம் பாடுவார், அதற்கு நான் துணை வாசிக்க வேண்டும். எல்லோருக்கும் பிடித்தால் கிளப் ஹவுஸில் தினமும் ஒரு மணி நேரம் எனக்கு. பிடிக்காவிட்டால் இந்த வளாகத்துக்குள் அது ஒலிக்கவே கூடாது. ஒலிக்காத மேசையைக் கூடத்தில் வைத்திருக்கச் சுமதி தயாராக இல்லை. விற்பதற்காக நாலு கோணத்தில் படம்கூட எடுத்துவிட்டாள். இந்த ஊரில் நான் கணினியைத் தட்டுகிறேன், வண்டியில் காத்திருக்கிறேன், தூங்குகிறேன். அந்த ஒரு மணி நேரத்தில் மட்டும்தான் நான் நானாக இருந்தேன். அதை இழக்க எனக்கு மனசில்லை.

மேடம் தேர்ந்தெடுத்தது ஒரு சோகப் பாட்டு. கொண்டாட்டத்துக்கு எதற்குச் சோகம் என்று கேட்கும் தைரியம் சங்கத்தில் ஒருவருக்கும் இல்லை. பாட்டு முழுக்கச் சாதாரண காந்தாரம். டேலின் கிட்டாரிலோ கம்பிகள் அந்தர காந்தாரத்தில் சிரித்துக்கொண்டு நின்றன. இரண்டுக்கும் அரை ஸ்வரம்தான் வித்தியாசம், ஆனால் அழுகைக்கும் சிரிப்புக்கும் உள்ள தூரம் அது. உருளையைச் சாய்த்து ஒற்றைக் கம்பியில் ஒப்பேற்றலாம், சேர்ந்து மீட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும். முழங்கால் லீவர் ஒன்றை மாற்றி, தள்ளினால் காந்தாரக் கம்பிகள் அரை ஸ்வரம் இறங்கும்படி செய்ய வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், எந்த லீவரும் என் முழங்காலுக்கு எட்டவில்லை. டேல் ஆறடி மூன்று அங்குலம், நான் ஐந்தடி நாலு.

இதைப் பழுதுபார்ப்பவர் ஊரில் யாருமில்லை. சுமதியின் தையல்காரர்தான் கஸ்தூரியின் பெயரைச் சொன்னார். ஸ்ரீராம்புரத்தில் சந்துக்குள் ஒரு சின்னக் கடை. கார்மென்ட்ஸ் கம்பெனிகளின் பவர் தையல் மெஷின்களைச் சரிசெய்வது தொழில். என் வயதுதான் இருக்கும். டெம்போவில் கொண்டுபோய் இறக்கியதும் கிட்டாருக்கு அடியில் மல்லாந்து படுத்துவிட்டார்.

"இன்னா சார் இது, நம்ம மெஷினேதான்! முட்டில தள்னா துணிய அமுக்குற ஃபுட்டு எழும்பும்ல, அதே கத. இங்க தள்றது, அங்க கம்பிய இழுக்குது. ஸ்வல்ப எண்ண காட்னா போதும், வழிக்கு வந்துரும்."

லீவரின் கம்பியை இடம் மாற்றினார். திறந்த ஸ்வரத்தை ஒரு முனையில் பிருடையால் சேர்க்க வேண்டும், தள்ளியபின் வரும் ஸ்வரத்தை மறுமுனையில் ஒரு நைலான் மரையால் சேர்க்க வேண்டும். ஒன்றைச் சரிசெய்தால் மற்றொன்று கோபித்துக்கொள்ளும். நான் காதால் சொல்லச் சொல்ல அவர் மரையை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். சாதாரண காந்தாரம் வந்து உட்கார்ந்தபோது எனக்குக் கண் கலங்கியது. பழக்கதோஷத்தில் பெடலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

கஸ்தூரி படுத்தபடியே சிரித்தார். "மெஷின மிதிச்சாதான் சார் எங்க வூட்ல சோறு. காலைல ஒருவாட்டி கும்பிட்டுக்கினு, அப்புறம் நல்லா மிதிங்க. அது கோச்சிக்காது."

அப்படியும் லீவர்கள் என் முழங்காலுக்கு அரை அங்குலம் மேலே நின்றன. கிட்டார் கால்களின் அடியில் அரை அங்குலம் அறுத்துவிடலாம் என்றார். அங்கேதான் நான் தடுமாறினேன். அறுத்துவிட்டால் நாளைக்கு யார் வாங்குவார்கள் என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். இந்த ஊரில் நான் எதையும் அப்படித்தான் செய்துவந்தேன். சுவரில் ஆணிகூட அடிக்கவில்லை, வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ என்று. "வேண்டாங்க, நான் ஷூ போட்டுக்கறேன். அரை அங்குலம் வந்துரும்" என்றேன். அவர் என் ஷூவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உங்க இஷ்டம்" என்று ஷூவோடு அளவு வைத்துக் கொடுத்தார்.

பத்து நாள் ஒத்திகையும் ஷூவோடுதான் நடந்தது. விழா அன்று கிளப் ஹவுஸ் வாசலில் சிவப்பும் மஞ்சளுமாகத் தோரணம். மேடையில் கன்னடத் தாயின் படம், அதன்முன் குத்துவிளக்கு. வாசலில் செருப்புக் குவியல். என்னை யாரும் எதுவும் சொல்லவில்லை. என் கால்கள் தாமாகவே ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்தன. மேடையில் உட்கார்ந்து முழங்காலைத் தள்ளியபோதுதான் உறைத்தது. அங்கே லீவர் இல்லை, காற்றுதான் இருந்தது.

ஷூவைப் போட்டுக்கொண்டு வா என்று மூளை சொன்னது. விளக்குமுன் ஷூவோடா என்று கால் மறுத்தது. முன்வரிசையில் சுமதி நெற்றியில் கை வைத்தாள். பாட்டுக் கேட்க வந்திருந்த கஸ்தூரி ஒரே பார்வையில் விஷயத்தைப் புரிந்துகொண்டு மேடையேறினார்.

"அன்னிக்கே அறுத்திருக்கலாம்" என்று முணுமுணுத்தபடி சுற்றிலும் பார்த்தார். மூலையில் குழந்தைகள் விளையாட வாங்கிய ரப்பர் மேட் பிரிக்காத கட்டாக இருந்தது. ஒரு துண்டை உருவினார். அதில் பெரிதாக ஓர் எழுத்து.

ஷைலஜா மேடம் பதறினார். "அக்ஷரா துளியோதா? பேடா பேடா!" எழுத்தை மிதிப்பதா என்கிறார். எனக்கும் அதே பதற்றம்தான். கஸ்தூரி வேறு துண்டை உருவினார்.

"அப்போ ஓரத்து பீஸ், எழுத்து இல்ல. ஆனா மேடம், இத கால்ல கட்னா செருப்புன்னு சொல்லுவீங்களா?"

மேடம் யோசித்தார். சபை மொத்தமும் அவரையே பார்த்தது. ரப்பரை வாங்கி முகர்ந்தார், திருப்பிப் பார்த்தார். பிறகு எனக்காகத் தமிழிலேயே தீர்ப்புச் சொன்னார்: "ரோட்ல நடந்தா அது செருப்பு. இது எங்கேயும் நடக்கலே. இது செருப்பு அல்ல. கட்டுங்க."

இடுப்புப் பையில் எப்போதும் கிடக்கும் கத்தரிக்கோலால் கஸ்தூரி இரண்டு பாதம் வெட்டினார். தோரணத்துக்கு மிஞ்சிய சிவப்பு மஞ்சள் ரிப்பனால் என் காலில் கட்டினார். அரை அங்குலம் வந்துவிட்டது. மேடம் பாட ஆரம்பித்தார். நான் முழங்காலைத் தள்ளினேன், காந்தாரம் இறங்கிக் குழைந்தது. இரண்டாவது அடியில் அவர் குரல் நெகிழ்ந்து தழுதழுத்தது, என் கம்பியும் கூடவே போனது. எது அவர், எது கம்பி என்று எனக்கே தெரியவில்லை. பாட்டு முடிந்ததும் என் பக்கம் சாய்ந்து, "நாளையிலிருந்து ஆறு மணி. நானும் வருவேன். மேலே அழவேண்டா, இங்கே சேர்ந்து அழலாம்" என்றார்.

அடுத்த ஞாயிறு கிட்டாரை மறுபடி ஸ்ரீராம்புரத்துக்குக் கொண்டுபோனேன். "அறுத்துடுங்க" என்றேன்.

"யோசிச்சிக்கினீங்களா? அறுத்தா ஒட்டாது. வாங்க வர்றவங்க?"

"யாரும் வரமாட்டாங்க."

நாலு காலிலிருந்தும் நாலு இரும்பு வளையங்கள் கடைத்தரையில் உருண்டன. இப்போது அந்தக் கிட்டார் உலகத்தில் ஒருவனுக்குத்தான் பொருந்தும், அதுவும் வெறுங்காலோடு உட்கார்ந்தால். தினமும் ஒரே ஒரு கும்பிடு, அப்புறம் நல்ல மிதி.

தீபாவளிக்குக் கரூர் போனபோது வளையங்களில் ஒன்று பையில் வந்துவிட்டது. எங்கள் வீட்டு இரும்பு பீரோவுக்கு ஒரு கால் குட்டை. திறக்கும்போதெல்லாம் ஆடும், மடித்த அட்டையை வைத்துத்தான் வருடக்கணக்காகச் சமாளித்தோம். அட்டையை எடுத்துவிட்டு வளையத்தைச் செருகினேன். பீரோ ஆடாமல் நின்றது. பெங்களூரில் நான் குறைத்த அந்த அரை அங்குலத்தின் மேல்தான் இப்போது எங்கள் ஊர் வீட்டு பீரோ நிற்கிறது.