டிரைவரக்காவின் இடப்பக்க மூச்சு

நீச்சல் கண்ணாடிக்குள் துப்பி, கட்டைவிரலால் தேய்த்து, கடல் தண்ணீரில் அலசிக் கண்ணில் மாட்டிக்கொள்கிறார் டிரைவரக்கா. அப்படிச் செய்தால் ஆவி படியாதாம். பிறகு இடது தோளுக்கு மேல் ஒரு பார்வை, வலது தோளுக்கு மேல் ஒரு பார்வை. முழங்கால் ஆழத் தண்ணீரில் பின்னால் எந்த வண்டி வந்துவிடப் போகிறது? கேட்டால் சிரிக்கிறார். "பாக்காம எடுத்தா மனசு ஒப்ப மாட்டேங்குதுங்க."

வயது நாற்பத்தேழு. பத்தொன்பது வருடமாக ஒரே தடத்தில் பஸ் ஓட்டுகிறார். கடைசி நிறுத்தம் கடற்கரை. அங்கே வண்டி ஏழு நிமிடம் நிற்கும். மற்ற ஓட்டுநர்கள் இறங்கி டீ குடிப்பார்கள், போனைத் துழாவுவார்கள். இவர் ஸ்டியரிங்கில் முழங்கையை ஊன்றிக் கடலையே பார்த்துக்கொண்டிருப்பார். நேரம் முடிந்ததும் வண்டியைத் திருப்ப வேண்டும். நாளைக்கு ஆறு தடவை. ஆறு தடவையும் மனசில்லாமல்தான் திருப்புவேன் என்கிறார்.

சைக்கிள் சின்ன வயதுப் பழக்கம். முட்டி வலிக்கு டாக்டர் நடக்கச் சொல்ல, நடை முற்றி ஓட்டமானது. போன வருடம் டிப்போ பலகையில் டிரையத்லான் நோட்டீஸ் ஒட்டினார்கள். கடலில் முக்கால் கிலோமீட்டர் நீச்சல், உடனே சைக்கிள், உடனே ஓட்டம். சைக்கிளும் ஓட்டமும் அக்காவுக்குக் கடலில் இறங்க ஒரு சாக்குதான். நீச்சல் குளத்தில் எட்டு மாதம் நீந்தக் கற்றார். அங்கே அடியில் ஒரு கறுப்புக் கோடு உண்டு. அதன் மேலேயே பிசகாமல் போய்வருவார்.

கடலில் கோடு கிடையாது. அதைவிடப் பெரிய வில்லங்கம், இவருக்கு இடப்பக்கம் மட்டும்தான் மூச்சு எடுக்க வரும். பஸ்ஸின் கதவு இடப்பக்கம். ஆள் ஏறியாச்சா, இறங்கியாச்சா என்று அந்தப் பக்கக் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து அப்படியே பழகிவிட்டது. கரையை ஒட்டி மஞ்சள் மிதவை வரை போகும்போது இடப்பக்கம் கரை. தொல்லையில்லை. மிதவையைச் சுற்றித் திரும்பினால் இடப்பக்கம் கடல். மூச்சுக்கு வாயைத் திறந்ததும் அலை நேராக உள்ளே ஏறும். இருமிப் பதறி, பக்கத்திலேயே பலகை மேல் துடுப்புப் போட்டு வரும் நீச்சல் மாஸ்டரின் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொள்வார். கடலில் பழகிய ஐந்து ஞாயிறும் இதே கதை.

"வலப்பக்கம் திரும்புங்கக்கா!"

"வலப்பக்கம் யாரும் ஏற மாட்டாங்க மாஸ்டர்!"

மாஸ்டர் விழுந்து விழுந்து சிரிப்பார். ஆனால் விதியில் கறார். பலகையைத் தொடாமல் ஒரு தடவை போய்வந்தால்தான் போட்டிக்குக் கையெழுத்துப் போடுவார். பெயர் கொடுக்க ஆறாவது ஞாயிறே கடைசி.

அந்த வாரம் முழுக்கச் சிவப்பு விளக்கில் வண்டி நின்றபோதெல்லாம் அக்கா வலப்பக்கம் திரும்பி, வாயைக் கோணி மூச்சு இழுத்துப் பழகினார். பக்கத்துக் காரில் இருந்தவர், தன்னைத்தான் ஏதோ திட்டுகிறார் என்று நினைத்துக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

மருந்துக் கடையில் வேலை பார்க்கும் கணவர் தடுத்துப் பார்த்தார். "கரையில நின்னு பாத்தா பத்தாதா உனக்கு?"

"பத்தொன்பது வருஷமா பாத்துட்டேங்க. பாக்கப் பாக்க இன்னும் கிட்ட போகணும்னுதான் இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை அவரும் துண்டை எடுத்துக்கொண்டு கூடவே கிளம்பிவிட்டார்.

அன்றும் மிதவை வரை சுகமாகவே போனார். திரும்பியதும் முதல் அலையே வாயை நிரப்பியது. இருமினார். மாஸ்டர் பலகையைப் பக்கத்தில் கொண்டுவந்தார். அக்காவின் கை நீண்டு, பலகைக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. தொட்டுவிட்டால் மறுபடியும் பஸ் கண்ணாடிக்கு உள்ளே இருந்து கடலைப் பார்ப்பதுதான். நினைத்தபோதே அழுகை வந்தது. கையை இழுத்துக்கொண்டு முகத்தைத் தண்ணீரில் கவிழ்த்தார். வலப்பக்கம் திரும்பினார். பாதி காற்று, பாதி உப்புத் தண்ணீர். அடுத்த தடவை முழுக் காற்று. அவ்வப்போது தலையைத் தூக்கிக் கரையைத் தேடிக்கொண்டு, கோணல்மாணலாக, ஒரு வழியாக வந்து சேர்ந்தார்.

இடுப்பளவு ஆழத்தில் காலை ஊன்றியவர், எழுந்ததும் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தொடவே இல்லக்கா! பேரு கொடுத்துடலாம்!" என்று மாஸ்டர் கத்தினார்.

கணவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் தண்ணீரில் இறங்கித் துண்டை விரித்தார். "வா, வா. எப்படி நடுங்குற பாரு."

டிரைவரக்கா திரும்பவில்லை. கடலைப் பார்த்தபடியே ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டி, உள்ளங்கையை விரித்து, கொஞ்சம் நில்லுங்கள் என்று காட்டினார்.